படுதாவுக்கு அந்தாண்ட ஒரு பொண்ணு சொன்னது

இது பாதி நடந்தது மயிலாப்பூர்ல, கச்சேரி ரோட்டுக்குப் பின்னாடி ஒரு சந்துல, ஆயிரத்தித் தொள்ளாயிரத்து இருவதாம் வருஷம். மீதி பாதி நடந்தது மாம்பலத்துல, முப்பத்தெட்டாம் வருஷம். நடுவுல பதினெட்டு வருஷம் சொம்மா ஓடிப்போச்சு. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதிக்கினு கீது. நடுநடுவுல "தாத்தா, விஷயத்துக்கு வா"ன்னுது. விஷயத்துக்குத்தான் வந்துக்கினு கீறேன், மெதுவா வரேன். ஓடி வர்ற வயசு இல்ல.

எங்க தொழிலு மெத்தை தைக்கிறது. தோள்ல பஞ்சு அடிக்கிற வில்ல மாட்டிக்கினு தெருத்தெருவா போவோம். வில்லு நரம்ப கட்டையால தட்டுனா டொய்ங் டொய்ங்னு ஒரு சத்தம் வரும், பழைய பஞ்சு பூப்பூவா மேல எழும்பும். அந்த சத்தம் கேட்டாலே கொளத்தச் சுத்தி இருக்கிற வீதிங்கள்ல மாமிங்க தலை நீட்டுவாங்க. "பாய், கொல்லப்பக்கமா வாங்கோ, வாசல் வழியா வராதீங்கோ"ம்பாங்க. நாங்க கொல்லப்பக்கமா போவோம். தெச்ச மெத்தை மட்டும் வாசல் வழியா உள்ள போவும். அது அப்ப அப்பிடித்தான், அதுல ஒண்ணும் கோவம் இல்ல. வெயில்ல ஒக்காந்து பஞ்சு அடிச்சா மோர் குடுப்பாங்க, தூக்கி ஊத்துவாங்க, கையேந்திக் குடிச்சிக்குவோம்.

தூசி பூந்துடும்னு நாங்க காதுல பஞ்சு அடைச்சிக்குவோம். அதத்தொட்டு மெத்தைக்காரன்னா செவிடன்னு ஊருக்குள்ள ஒரு கிண்டல். "பாய்ட்ட ரெண்டு தரம் சொல்லணும்"ம்பாங்க. இத ஞாபகம் வச்சிக்கோங்க, அப்பால வருது.

எங்க மொதலாளிக்கு ஒரே பொண்ணு. நான் அவரு கிட்ட வேலைக்கி சேந்தப்ப அது பாவாடைய இஸ்துக்கினு பஞ்சு மூட்டை மேல ஏறி குதிக்கும். "அண்ணே, நான் மேகத்துல நிக்கிறேன்"ங்கும். அப்பால வளந்துச்சு, உள்ள போயிடுச்சு. எங்கள்ல பொண்ணுங்க பெருசாயிட்டா அவ்ளோதான், அப்பால கொரல் தான் கேக்கும், மொகம் தெரியாது. ஆனா மொதலாளி கொஞ்சம் வேற மாதிரி மனுசன். சாந்தோம் பக்கம் ஒரு பொண்ணுங்க பள்ளிக்கூடம் இருந்துச்சு. மாட்டு வண்டியில நாலு பக்கமும் துணி கட்டி, அதுல அந்தப் பொண்ண அனுப்பி, எட்டாவது வரைக்கும் படிக்க வச்சாரு. ஜமாத்துல பேசுனாங்க. "மெத்தைக்காரன் பொண்ணு கலெக்டர் ஆவப் போவுதா"ன்னு கேட்டாங்க. அவரு சிரிச்சிக்கினு போயிடுவாரு.

ஒரு நாளு அந்தப் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா வூட்டுக்கே வந்துட்டாங்க. நான் அப்ப முன்கட்டுல எலவம்பஞ்சு மூட்டை எறக்கிக்கினு இருந்தேன். அந்தம்மா மொதலாளி கிட்ட, "உங்க பொண்ணு மாதிரி படிக்கிற பொண்ணு எங்க கிட்ட இல்ல. டீச்சர் வேலைக்கிப் படிக்க வைங்க. உங்க ஜனங்க பொண்ணுங்களுக்கு சொல்லித் தர உங்க ஜனங்கள்ல ஒரு டீச்சர் கூட இல்லியே"ன்னு சொன்னாங்க. கதவுக்குப் பின்னால அந்தப் பொண்ணு நின்னுக்கினு இருந்துச்சு. கதவுக்கும் தரைக்கும் நடுவுல கால் வெரலு மட்டும் எனக்குத் தெரிஞ்சுது. அந்த வெரலுங்க ஒரு எடத்துல நிக்கல. துள்ளிக்கினே இருந்துச்சு.

இத எதுக்கு சொல்றேன்னா, அந்தப் பொண்ணுக்கு இன்னா வேணும்னு எனக்குத் தெரியாதுன்னு நான் சொல்ல முடியாது. தெரியும். நல்லாத் தெரியும்.

மொதலாளி "யோசிச்சு சொல்றேம்மா"ன்னாரு. அவரு யோசிக்கறதுக்கு முன்னாடி அவரு மச்சினன் யோசிச்சிட்டாரு. அதாவது அந்தப் பொண்ணோட தாய்மாமன். சைதாப்பேட்டையில ஒரு எடம் கொண்ணாந்தாரு. மாப்ள குதிரைக்கு சேணம் தைக்கிற கடை வச்சிருந்தாரு, ஆத்தோரத்துல சொந்த வூடு. மொத சம்சாரம் செத்து ஒரு வருஷம், ரெண்டு சின்ன புள்ளைங்க. வயசு முப்பத்தஞ்சுக்கு மேல. பொண்ணுக்கு பதினேழு. மாப்ள கெட்டவரு இல்ல, அத இப்பவே சொல்லிடறேன். குடி கெடையாது, கை நீட்டற பழக்கம் கெடையாது, அஞ்சு வேளை தொழுவாரு. அதனாலதான் மொதலாளியால இல்லன்னு சொல்ல முடியல. கெட்டவனா இருந்தா சொல்லியிருப்பாரு. "படிச்ச பொண்ணுக்கு இதுக்கு மேல எங்க மாப்ள தேடுவே? இப்பவே வயசு ஏறிப்போச்சு"ன்னு மச்சினன் ஒரே புடியா புடிச்சாரு. பொண்ண யாரும் கேக்கல. கல்யாணத்தன்னிக்கி எப்பிடியும் கேப்பாங்கல்ல.

தெரியாதவங்களுக்கு சொல்றேன். எங்கள்ல நிக்காஹ்னா, மாப்ள வெளிய ஆம்பளைங்களோட குந்திக்கினு இருப்பாரு, பொண்ணு உள்ள பொம்பளைங்களோட இருக்கும். பொண்ணு சார்பா ஒருத்தரு, அவருக்கு வக்கீலுன்னு பேரு, கோர்ட்டு வக்கீலு இல்ல, பெரும்பாலும் தாய்மாமன். அவரும் ரெண்டு சாட்சியும் உள்ள போயி, படுதாவுக்கு இந்தாண்ட நின்னுக்கினு, "இன்னாரு மவன் இன்னாருக்கு, இவ்ளோ மகருக்கு உன்ன நிக்காஹ் பண்ணித் தரோம், சம்மதமா"ன்னு மூணு தபா கேக்கணும். மகருன்னா மாப்ள பொண்ணுக்குத் தர்ற பணம். சாட்சிங்க அந்தப் பதில காதால கேக்கணும். கேட்டுட்டு வெளிய வந்து நிக்காஹ் நடத்தி வைக்கிற ஹஜ்ரத் கிட்ட சொல்லணும். அப்பால தான் நிக்காஹ். மார்க்கம் எவ்ளோ ஒசத்தியா வச்சிருக்குது பாருங்க, பொண்ணு வாயால கேக்காம ஒண்ணும் நடக்கக் கூடாதுன்னு. ஆனா கன்னிப் பொண்ணு வெக்கப்பட்டு கம்முனு இருந்தா அதையும் சம்மதம்னு எடுத்துக்கலாம்னு ஒரு வழி கீது. நம்ம ஆளுங்க இன்னா பண்ணிட்டாங்கன்னா, அந்த வழியவே பெரிய ரோடா போட்டுட்டாங்க. கேக்கற மாதிரி கேப்பாங்க, உள்ளருந்து யாராச்சும் ஒரு கெழவி "ஆச்சு, ஆச்சு"ன்னுவா, வெளிய வந்துடுவாங்க. நான் பாத்த நிக்காஹ்ங்கள்ல இல்லன்னு ஒரு பொண்ணு சொல்லி நான் கேட்டதே இல்ல. அப்பிடி ஒண்ணு சொல்ல முடியும்னே எனக்குத் தோணல.

ரெண்டு சாட்சியில ஒருத்தன் நான். மொதலாளி தான் சொன்னாரு. "நீ எங்க வூட்டுப் புள்ள மாதிரி, நீயே நில்லு"ன்னாரு. புதுச் சட்டை தெச்சுக் குடுத்தாரு. எனக்கு தல கால் புரியல. கூலி வேல செய்யறவன சாட்சியா நிக்க வைக்கிறாருன்னா சும்மாவா. அதுவும் இல்லாம, அவரு தங்கச்சி பொண்ண எனக்குக் குடுக்கறதா ஒரு பேச்சு வேற ஓடிக்கினு இருந்துச்சு. இன்னொரு சாட்சி மாப்ள வூட்டுப் பெரியவரு ஒருத்தரு.

மதியத் தொழுகை முடிஞ்சுது. தேக்சாவுல பிரியாணி தம்முல கீது, வாசனை சந்து மொனை வரைக்கும் அடிக்குது. மாப்ள பூவால மொகத்த மறைச்சிக்கினு நான் தெச்ச மெத்தையில, நான் தெச்ச திண்டுல சாஞ்சிக்கினு இருந்தாரு. நாங்க மூணு பேரும் உள்ள போனோம். பச்சைப் படுதா. அந்தாண்ட பொம்பளைங்க கசமுசான்னு பேசிக்கினு இருந்தாங்க, மல்லிப்பூ வாசனையும் ஊதுவத்திப் புகையும். மாமன் தொண்டையக் கனைச்சிக்கினு கேட்டாரு. ஒண்ணும் இல்ல. ரெண்டாவது தபா கேட்டாரு. ஒண்ணும் இல்ல. ஒரு வளையல் சத்தம் மட்டும் வந்துச்சு. மூணாவது தபா கேட்டாரு.

"எனக்கு வேணாம் மாமு."

கத்தல. அழுவல. கடையில போயி இந்தத் துணி வேணாம்னு சொல்ற மாதிரி, அவ்ளோ தெளிவா சொல்லிச்சு. கசமுசா பேச்சு பட்டுனு நின்னுடுச்சு. அப்பால ஒரே நேரத்துல நாலு பொம்பளைங்க கொரல் வந்துச்சு. "அய்யே, வெக்கப்படுது புள்ள", "ஆச்சு ஆச்சு, போங்க", "தல ஆட்டிச்சு, நான் பாத்தேன்". படுதா அசைஞ்சுது. அந்தப் பொண்ணோட தலைய யாரோ புடிச்சு கீழ அமுக்குற மாதிரி துணியில ஒரு உருவம் தெரிஞ்சுது.

மாமன் திரும்பி என்னப் பாத்தாரு. இப்பவும் அந்த மூஞ்சி கண்ணு முன்னால கீது. கோவம் இல்ல அதுல. பயம். "டேய், வா"ன்னாரு. அந்த இன்னொரு பெரியவரு ஏற்கெனவே வாசப்படி தாண்டிட்டாரு.

வெளிய வந்தோம். நூறு கண்ணு எங்களயே பாக்குது. மொதலாளி என்னப் பாத்து சிரிக்கிறாரு. ஹஜ்ரத் பேனாவ மையில தொட்டு வச்சிக்கினு, "சாட்சிங்க கேட்டீங்களா?"ன்னாரு.

மாப்ள வூட்டுப் பெரியவரு "கேட்டோம், சம்மதம்"ன்னாரு.

"நீ?"

நான் "சம்மதம்"னேன்.

அவ்ளோதான். மூச்சு விடற நேரம் கூட ஆவல. புஸ்தகத்துல கைநாட்டு வச்சேன். பெருவெரல்ல மை. அந்த மை வெரலோடவே குந்தி பிரியாணி துன்னேன். ஒரு வாய் எறங்கலன்னு சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனா நல்லா துன்னேன். ரெண்டாவது தபா கூட கேட்டு வாங்கித் துன்னேன். இத்தினி வருஷம் கழிச்சு எனக்கு ரொம்ப வெக்கமா இருக்கிறது அந்த ரெண்டாவது தபா தான்.

அப்பால நான் எனக்கே ஒரு கதை கட்டிக்கினேன். நாம தான் பஞ்சு அடிக்கிறவனாச்சே, காது மந்தம், அது வேற எதுனா சொல்லியிருக்கும், தண்ணி வேணாம்னு சொல்லியிருக்கும். அன்னிக்கி என் காதுல பஞ்சே இல்ல. புதுச் சட்டை போட்டுக்கினு எவன் காதுல பஞ்சு வப்பான்? எனக்கு அது தெரியும். ஆனாலும் அந்தக் கதைய வச்சிக்கினே பல வருஷம் ஓட்டினேன்.

அடுத்த வருஷம் எனக்கும் கல்யாணம் ஆச்சு, மொதலாளி தங்கச்சி பொண்ணையே குடுத்தாரு. ரொம்ப நாளு கழிச்சு, ரெண்டு புள்ளைங்க பொறந்தப்புறம், ஒரு நாளு துணி மடிச்சிக்கினே என் சம்சாரம் கேட்டுச்சு. "அன்னிக்கி அக்கா வேணாம்னு சொன்னது உனுக்குக் கேட்டுச்சா?" தானும் அந்த ரூம்ல தான் இருந்தேன்னு சொல்லிச்சு. நான் வில்லு நரம்ப இறுக்கிக்கினே இருந்தேன். "எனக்குக் கேட்டுச்சு. அங்க இருந்த அத்தினி பேருக்கும் கேட்டுச்சு"ன்னு சொல்லிட்டு துணிய எடுத்துக்கினு போயிடுச்சு. அப்பால அந்தப் பேச்ச நாங்க எடுத்ததே இல்ல.

சைதாப்பேட்டையில அந்தப் பொண்ணு எப்பிடி இருந்துச்சுன்னு கேட்டா, இருந்துச்சு. அந்த ரெண்டு புள்ளைங்கள வளத்துச்சு. தனக்கு ஒரு பொண்ணு பொறந்துச்சு. மாப்ள நல்லாத்தான் வச்சிருந்தாரு. பாக்கறவங்கல்லாம், "பாத்தியா, எவ்ளோ நல்ல வாழ்க்கை, அன்னிக்கி சின்னப்புள்ளத்தனமா இன்னாவோ..."ன்னு ஆரம்பிச்சு பாதியில நிறுத்திக்குவாங்க. என் கிட்ட மட்டும் அது பேசல. மெத்தை சரி பண்ண அந்தத் தெருவுக்குப் போனா, என் வில்லு சத்தம் கேட்டதும் அந்த வூட்டு ஜன்னல் சாத்திக்கும். படார்னு இல்ல. மெதுவா சாத்திக்கும். அந்த வூட்டு மெத்தைய ராயப்பேட்டையில இருந்து வேற ஆளு வந்து தெச்சிட்டுப் போவாரு. எனக்கு அது நியாயமாத்தான் பட்டுச்சு. கொஞ்ச நாள்ல அந்தத் தெருவுக்கே போறத உட்டுட்டேன்.

காலம் மாறிக்கினே இருந்துச்சு. மாம்பலத்து ஏரி இருந்துச்சுல்ல, அத தூத்து, கயிறு கட்டி தெருத்தெருவா பிரிச்சு புது ஊரு கட்டினாங்க. நான் கொக்கு பாத்த எடத்துல மாடி வூடு. அந்தப் புது வூட்டுக்காரங்க இரும்புக் கட்டிலு கேட்டாங்க, அதுக்கு அளவா மெத்தை கேட்டாங்க. அப்பால சின்னப் புள்ளைங்களுக்குக் கல்யாணம் பண்ணக் கூடாதுன்னு சர்க்கார் ஒரு சட்டம் போட்டுச்சு. அது வர்றதுக்கு முன்னாடி முடிச்சிடணும்னு மயிலாப்பூர்ல அடிச்சிக்கினு கல்யாணம் பண்ணாங்க. ஒரு வூட்ல ஊஞ்சலுக்கு மெத்தை தெச்சுக் குடுத்துட்டு கொல்லப்பக்கமா எட்டிப் பாத்தேன். ஊஞ்சல்ல ஒக்காந்த மாப்ளைக்கி கால் தரையில எட்டல. பொண்ணு தூங்கி விழுது. அங்க இருந்த பெரியவங்க எல்லாம் சந்தோசமாத்தான் இருந்தாங்க. அந்தப் புள்ளைங்கள யாரும் ஒண்ணும் கேக்கல, எங்காளுங்க கேட்டும் பதில காதுல வாங்கல. எனக்கு அன்னிக்கி ரெண்டும் ஒண்ணாத்தான் தெரிஞ்சுது. ரொம்ப அசதியா இருந்துச்சு. கூலிய அப்பால வாங்கிக்கிறேன்னு சொல்லிட்டு வில்ல தூக்கிக்கினு நடந்துட்டேன்.

முப்பத்தஞ்சுலயோ என்னமோ, அந்த சேணக்காரரு போயிட்டாரு. மோட்டாரு வந்தப்புறம் கடையும் படுத்துடுச்சு. அவரோட மூத்த சம்சாரத்து மவன் பெரியவனாயி மாம்பலத்துல பொட்டிக்கடை மாதிரி ஒண்ணு வச்சு, சின்னம்மாவையும் தங்கச்சியையும் அங்க கூட்டிக்கினு போயிட்டான். நல்ல புள்ள. அது வளத்த புள்ளையாச்சே.

முப்பத்தெட்டுல ஒரு நாளு அந்தப் பையன் என்னத் தேடிக்கினு மயிலாப்பூருக்கு வந்தான். "மாமு, தங்கச்சிக்கு வர்ற வெள்ளிக்கெழம நிக்காஹ். சின்னம்மா உங்களத்தான் சாட்சியா கூப்டச் சொன்னாங்க"ன்னான்.

"நான் எதுக்குப்பா, வயசாயிடுச்சு, காது வேற மந்தம்"னேன்.

அந்தப் பையன் சிரிச்சான். "நீங்க இப்பிடித்தான் சொல்லுவீங்கன்னு சின்னம்மா சொன்னாங்க. 'அவருக்குக் காது நல்லா கேக்கும், எனக்குத் தெரியும்னு போயி சொல்லு'ன்னாங்க."

"வரேன்னு சொல்லு"ன்னேன்.

வெள்ளிக்கெழம போனேன். மாம்பலம் ஸ்டேஷன்ல இருந்து பத்து நிமிசம் நடை, ஓட்டு வூடு, வாசல்ல சின்னதா பந்தல். மாப்ள அச்சாபீஸ்ல வேலை செய்யறவரு, வயசு இருவத்தி மூணு, மீசை இப்பத்தான் மொளச்ச மாதிரி. பொண்ணுக்கு பதினேழு. பள்ளிக்கூடம் முடிச்சிருந்துச்சு. வக்கீலு யாருன்னு பாத்தா, அதே தாய்மாமன். இப்ப இந்தப் பொண்ணுக்கு அவரு பெரிய மாமு. பல்லெல்லாம் போயி, தடி ஊனிக்கினு வந்தாரு. "இன்னா பாய், சவுக்கியமா?"ன்னாரு. அவருக்கு எல்லாம் மறந்துபோச்சா, மறந்த மாதிரி இருந்தாரான்னு எனக்கு இன்னிக்கி வரைக்கும் தெரியல. இன்னொரு சாட்சி மாப்ளையோட சித்தப்பா.

உள்ள போனோம். இங்கயும் படுதா தான், பூப்போட்ட சேலை ஒண்ண கட்டியிருந்தாங்க. பொம்பளைங்க கசமுசான்னு பேசிக்கினு இருந்தாங்க. அப்ப பதினெட்டு வருஷம் கழிச்சு அந்தக் கொரல கேட்டேன். "எல்லாரும் தள்ளிப் போங்க. யாரும் புள்ளைய தொடக் கூடாது. யாரும் பேசக் கூடாது. ஒரு இருமல் கூட கேக்கக் கூடாது"ன்னுச்சு. ஆளுங்க நவுந்து சொவத்தோரம் போற சத்தம் கேட்டுச்சு. நான் காதுல கைய உட்டு பஞ்சு கிஞ்சு கீதான்னு பாத்துக்கினேன்.

பெரிய மாமு மூணு தபா கேட்டாரு. மூணு தபாவும் ஒண்ணும் இல்ல. அவரு தடிய எடுத்துக்கினு, "ஆச்சு, கம்முனு இருந்தா சம்மதம் தான். வாங்க"ன்னாரு. மாப்ளையோட சித்தப்பாவும் கெளம்பிட்டாரு.

"எனக்கு ஒண்ணும் கேக்கல"ன்னேன் நான்.

"அதான் கம்முனு கீதே பாய், இன்னா கேக்கும்?"

"கேக்காதத கேட்டேன்னு போயி எப்பிடி சொல்றது?"

"இன்னா பேஜாரு பண்றே? வெளிய ஹஜ்ரத் குந்திக்கினு கீறாரு, சோறு ஆறிப்போவுது."

"ஆறட்டும். நான் இங்கியே குந்திக்கினு கீறேன்."

நெசமாவே அந்த வாசப்படியில குந்திட்டேன். முட்டி வலி வேற. அவரு தலையில அடிச்சிக்கினாரு. மாப்ளையோட சித்தப்பா, "இது இன்னா புது வழக்கம், எங்க பக்கம் இப்பிடி இல்லியே"ன்னு மொணவுனாரு. வெளிய யாரோ "இன்னாப்பா லேட்டு?"ன்னு கொரல் குடுத்தாங்க. அந்தப் பொண்ணு வேணாம்னு சொல்லிட்டா அடுத்து இன்னா நடக்கும், யாரு யாரு சட்டைய புடிப்பாங்கன்னு மனசுக்குள்ள ஓடுது. ஆனா எழுந்துக்கல. எழுந்தா அப்பிடியே வூட்டுக்குப் போயிடுவேன்னு பயம்.

ரொம்ப நேரம் கழிச்சு படுதாவுக்கு அந்தாண்ட இருந்து ஒரு சின்னக் கொரல் வந்துச்சு. "மெத்தைக்கார மாமு கீறாரா?"

"கீறேம்மா."

"நான் இல்லன்னு சொன்னா இன்னா பண்ணுவீங்க?"

பெரிய மாமு "யா அல்லா"ன்னு சொவத்துல சாஞ்சிட்டாரு.

"வெளிய போயி, பொண்ணு இல்லன்னு சொல்லிடுச்சுன்னு சொல்லுவேன்"னேன்.

"அத்தினி பேரு முன்னாடியா?"

"அத்தினி பேரு முன்னாடியும்."

அப்பால, "சோறு?"ன்னுச்சு.

"சோறா? அத நாங்க துன்னுட்டு எங்க பாட்டுக்குப் போறோம். உனுக்கு இன்னா அதப் பத்தி?"

உள்ள யாரோ அடக்க முடியாம சிரிச்சிட்டாங்க. அந்தப் பொண்ணும் சிரிச்சுது. சிரிச்சு முடிச்சுட்டு, மூச்ச இழுத்து உட்டுட்டு, நல்லா சத்தமா சொல்லிச்சு. "எனக்கு சம்மதம். போயி சொல்லுங்க."

எழுந்துக்க முடியல எனக்கு. பெரிய மாமு தான் கை குடுத்துத் தூக்குனாரு. வெளிய வந்ததும் ஹஜ்ரத் கேட்டாரு. "கேட்டேன். அந்தப் பொண்ணே வாயால சொல்லிச்சு. சம்மதம்"னேன். அது கூட கொஞ்சம் ஓவரா சத்தமா சொல்லிட்டேன் போல, மாப்ள பையன் பூவ வெலக்கிக்கினு என்ன ஒரு மாதிரியா பாத்தான். கைநாட்டு வச்சேன்.

சாப்பாட்டுக்குக் கூப்ட்டாங்க. இந்தத் தபா தான் ஒரு வாய் எறங்கல. பின்பக்கம் கெணத்தாண்ட கை கழுவிக்கினு, பெருவெரல்ல இருந்த மைய தேய்ச்சிக்கினு நின்னேன். சமையல்கட்டுக் கதவு பாதி சாத்தியிருந்துச்சு. அதுக்குப் பின்னாலருந்து அந்தக் கொரல்.

"அண்ணே."

நான் திரும்பல. திரும்பக் கூடாதுன்னு இல்ல, முடியல.

"என் கொரலு அன்னிக்கி என் பொண்ணு கொரல விட சின்னதாவா இருந்துச்சு?"

காது மந்தம்னு சொல்லியிருக்கலாம். அந்தக் கதைய பதினெட்டு வருஷமா நான் தயாரா வச்சிருந்தேன். வாய்க்கு வரல.

"இல்லம்மா. நல்லாத்தான் கேட்டுச்சு"ன்னேன்.

அந்தாண்ட அழுவுதா, நிக்கிதான்னு கூட தெரியல. கதவுக்குக் கீழ பாத்தேன். கால் வெரலு தெரிஞ்சுது, வெடிப்பு உழுந்து போன காலு. அசையாம நின்னுக்கினு இருந்துச்சு. அப்பால, "சாப்ட்டுட்டுப் போங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு உள்ள போயிடுச்சு. மன்னிச்சேன்னு சொல்லல. நானும் கேக்கல. அத கேக்கற யோக்கியதை எனக்கு இல்லன்னு எனக்குத் தெரியும்.

நடந்தே மயிலாப்பூருக்கு வந்தேன். நாலு எடத்துல குந்தி குந்தி வந்தேன். வூட்டுக்கு வந்து என் சம்சாரத்துகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அது தண்ணி கொண்ணாந்து வச்சுது.

அதுக்கப்பால சில பேரு என்ன சாட்சிக்குக் கூப்ட்டாங்க, ரெண்டு மூணு தபா போனேன். அப்பால கூப்டறத நிறுத்திட்டாங்க. "அந்தக் கெழவன் பொண்ணு வாய தெறக்கற வரைக்கும் வாசப்படிய உட்டு எழுந்துக்க மாட்டான், பிரியாணி கல்லாயிடும்"னு பேரு ஆயிடுச்சு. ஆவட்டும். இப்ப நெசமாவே காது போச்சு, இந்தப் பேத்தி கத்தித்தான் பேசுது. அதுக்கும் இப்ப மாப்ள பாத்துக்கினு கீறாங்க. யாரு சாட்சி நின்னாலும் சரி, அவன் கிட்ட நான் ஒண்ணே ஒண்ணு தான் சொல்லணும். கேக்கறதுக்குன்னு உன்ன உள்ள அனுப்புனா, கேட்டத வெளிய வந்து சொல்லு. இந்த ஒரு வேலைய ஒழுங்கா செய்யறதுக்கு எனக்குப் பதினெட்டு வருஷம் ஆச்சு, அந்தப் பதினெட்டு வருஷமும் என்னுது இல்ல, அந்தப் பொண்ணோடது.